பழைய காரிலிருந்து நான் எடுத்துக்கொண்டது

என் கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் திரும்பும். வலப்பக்கம் திரும்பவே திரும்பாது. எலும்புத் தேய்மானத்துக்கு அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். யாராவது வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பேன். என் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நடித்துக் காட்டுவது எனக்குத் தெரியும். நன்றாகவே நடிக்கிறார்கள்.

வீடு கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில். வேலை செய்யூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், இயற்பியல் ஆசிரியை. காலையில் கோவளம் வந்து ஈசிஆரில் ஏறினால் மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்த கையோடு எல்லாரும் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான், இனிமேல் கார் ஓட்டாதே என்பது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்றார். டிரைவர் வைத்தால் அவர் பாட்டுப் போடுவார், அவர் வீட்டுக் கதை சொல்வார், என் வீட்டுக் கதை கேட்பார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஒரு நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அதை நான் விடுவதாக இல்லை.

அதனால்தான் என் முதல் மின்சாரக் காரில், ஓட்டுவதற்கு உதவும் மென்பொருள் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். கார் வாங்கியபோதே கேமராவும் ரேடாரும் அதன் உடம்பில் இருந்தன. ஆனால் வேலை செய்யவில்லை. தனியாகப் பணம் கட்டினால் கம்பெனிக்காரர்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அவற்றை முடுக்கிவிடுவார்கள். நம் வீட்டு மின்விசிறிக்குக் கடைக்காரர் வீட்டில் சுவிட்ச் இருப்பதுபோல. அப்போதே எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கட்டினேன். கட்டிய பிறகு வண்டி தானாகக் கோட்டுக்குள் போயிற்று, குறுக்கே மாடு வந்தால் தானாக பிரேக் போட்டது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், பக்கவாட்டுக் கண்ணாடியில் எரியும் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பக்கத்தில் ஒரு வண்டி இருந்தால் அது எரியும். எரியவில்லை என்றால் யாருமில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. ரசீதில் 'லைஃப்டைம்' என்று போட்டிருந்தது. என் ஆயுள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நாலு வருஷத்தில் அந்தக் காரின் பேட்டரி, போக வர ஒரு நாள் ஓட்டத்துக்கே திணற ஆரம்பித்தது. அதே கம்பெனி பெரிய பேட்டரியோடு புதிய கார் கொண்டுவந்தது. செங்கல்பட்டு ஜிஎஸ்டி சாலையில் இருந்த ஷோரூமில் விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பழைய வண்டிக்குக் கட்டியதைப் புதிய வண்டிக்கு மாற்றித் தருவீர்களா?

"மாத்திக்கலாம் மேடம். பழைய கஸ்டமருக்கு ஒரு தபா அலவ் பண்றாங்க. ஒரு ஃபார்ம்தான். டெலிவரி அன்னிக்கு நானே போட்டுத் தரேன்," என்றார்.

டெலிவரி ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். ஒன்பதரைக்கே போய்விட்டோம். அந்தப் படிவத்தை ஏற்றுவதற்காக அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தே கால் ஆனதும் என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பத்து இருபதுக்கு எழுந்து நின்றுவிட்டார். "மொதல்ல சாவிய வாங்கு. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." நியூட்டனை நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எழுந்து போனேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். ராகு காலத்துக்கு நாலு நிமிடம் முன்னால் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

அந்தப் படிவத்துக்காக உள்ளே திரும்பி வந்தபோது டைக்காரர் முகம் சரியில்லை. டெலிவரி கொடுத்ததாகக் கணினியில் பதிந்துவிட்டால் அந்தப் படிவம் ஏறாதாம். அதற்கு முன்னால் ஏற்றியிருக்க வேண்டுமாம்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க நல்ல நேரம் பாத்துகினு இருந்தீங்க மேடம். நடுவுல எப்படிச் சொல்றது?"

"அப்ப நான் கட்டின லைஃப்டைம்?"

"அது வண்டியோட லைஃப்டைம் மேடம்."

அந்த நிமிடம் எனக்கு வந்த அருவருப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. டெலிவரி பதிந்தது ஒரு பொத்தானில். அதை எடுத்துவிட்டு மறுபடி பதிய இன்னொரு பொத்தான் போதும். அதை அமுக்க அந்தக் கம்பெனியில் ஒரு விரல்கூட இல்லையாம். புதிதாகப் பணம் கட்டினால் மட்டும் ஒரே நிமிடத்தில் ஆகிவிடுமாம். மறுநாள் என் கைபேசிக்கு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. கூச்சமே இல்லாத ஜென்மங்கள்.

மறுபடி கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். புதிய கார் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ரிப்பனோடு நின்றது. பழையதன் பேட்டரியை நம்பிச் செய்யூர் வரை போய் வர முடியாது. நான் ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவளம் போய், அங்கிருந்து பஸ் ஏறினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கழுத்தில் இருக்கும் தகடு என்னிடம் பேசியது. நின்றுகொண்டே போகும் நாட்களில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கம்பெனியில் ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. ராகு காலத்தைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருந்திருக்கும்.

இதற்கிடையில் பழைய காரை விற்றேன். வாங்கியவர் கோவளத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ரிசார்ட்டில் தங்குகிறவர்களை ஏர்போர்ட்டுக்கு ஏற்றி இறக்கும் டாக்ஸி ஓட்டுகிறவர். தொலைவு குறைவு என்பதால் அந்த பேட்டரி தனக்குப் போதும் என்றார். மென்பொருள் பழைய வண்டியிலேயே தங்கிவிட்டதால் அதற்கும் சேர்த்துத்தான் விலை சொன்னேன். ஓட்டிக் காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சர் இது, கண்ணாடில லைட்டு எரியுது?"

"பக்கத்துல வண்டி வந்தா எரியும். நீங்க திரும்பிப் பாக்க வேண்டாம்."

"நெசமாவா? அப்ப யாருனா இல்லன்னா?"

"எரியாது. அவ்வளவுதான்."

பேரம் பேசவில்லை. சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுத்த பிறகும் இரண்டு மாலை வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் என்று அப்போது நினைத்தேன். வலப்பக்கம் ஒதுங்கும் போதெல்லாம் தலையை வெளியே நீட்டாத குறையாகத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு நொடியில் முன்னால் என்ன வந்தாலும் தெரியாதே என்று கண்டித்தேன். "எத்தனை தடவை சொல்றது? லைட்டைப் பாருங்க, லைட்டைப் பாருங்க," என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். இரண்டாம் நாள் மாலை திருவிடந்தை வரை போய்த் திரும்பினோம். ஒரு தடவைகூட அவர் தலை திரும்பவில்லை. நல்ல மாணவர் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்தை டாக்ஸிக்கான மஞ்சளாக மாற்றி அவர் வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். பஸ்ஸுக்காகக் கோவளத்தில் நிற்கும்போது சில நாள் எதிரே போவார். கையைத் தூக்குவார்.

நான் கம்பெனியை விடவில்லை. வண்டி விற்றாகிவிட்டது, மென்பொருளுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியாகிவிட்டது. அத்தோடு தலைமுழுகியிருக்க வேண்டும். ஆனால் கோபம் அப்படி விடுமா? தினம் ஒரு மெயில் போட்டேன். தினம் ஒரு பதில் வந்தது. உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம் என்று ஆரம்பிக்கும். புரிந்துகொண்டதற்கான அடையாளம் அதற்கப்புறம் ஒரு வரியில்கூட இருக்காது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதினேன். அடுத்த மூன்று நாள் பதிலே இல்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை, பள்ளியில் மதிய இடைவேளையின்போது வந்தது. நீண்ட நாள் வாடிக்கையாளர் என்பதால் சிறப்புச் சலுகையாக மாற்றித் தருகிறோம், சம்மதம் என்றால் கீழே அழுத்தவும். அழுத்தும் இடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. முந்தைய வண்டியில் இந்த வசதி நின்றுவிடும்.

படிக்காமல் அழுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. படித்தேன். இரண்டு முறை படித்தேன். பணம் கட்டியது நான், அது என் கணக்கில் இருப்பது, எனவே என்னுடையது என்று நினைத்தேன். அன்றைக்கு என் ஆத்திரத்துக்கு நடுவே, பழைய காரை வாங்கியவர் ஒரு ஆளாகவே எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று அழுத்தினேன். சாயங்காலம் வந்ததும், விலையில் குறைத்துக்கொள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. நாளைக்குப் பேசலாம் என்று விட்டேன்.

வியாழக்கிழமை காலை புதிய காரில் போனேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஜன்னலை இறக்கிவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனேன். போகும்போதும் வரும்போதும் கோவளம் திருப்பத்தைத் தாண்டினேன். நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர்தான் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். அந்தக் கண்ணாடி லைட்டு எரிய மாட்டேங்குது. நான் எதுனா மாத்தி அமுக்கிட்டனா?"

"எப்பருந்து?" என்று கேட்டேன். எதுவும் தெரியாதவள்போல. அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"தெர்ல டீச்சர். இன்னிக்குக் காலைலதான் பாத்தேன். ஏர்போர்ட்ல சவாரிய எறக்கி வுட்டு வந்துகினு இருந்தேன். முட்டுக்காடு தாண்டி முன்னாடி பஸ் ஒண்ணு நின்னுச்சு. லைட்ட பாத்தேன், எரியல. சரின்னு வலது பக்கம் ஒதுங்கினேன். பக்கத்துல ஸ்கூட்டில ஒரு அம்மா, பின்னால கொழந்த. நான் மேல படக்கூட இல்ல டீச்சர். பயந்துபோய் மீடியன் ஓரமா மண்ணுல சாஞ்சிட்டாங்க."

நான் மீனைக் கீழே வைத்தேன். "அடி பட்டுச்சா?"

"அந்த அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. கொழந்தைக்கு மோவாயில மூணு தையல். நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய், கூட இருந்து பாத்துட்டு, இப்பதான் வூட்டுக்கு வந்தேன். அதான், நான்தான் எதையோ கெடுத்துட்டேன் போலகீதுன்னு உங்கள கேக்கறேன். நீங்க அவ்ளோ சொல்லிக் குடுத்தீங்களே."

என்னை அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கல. அது இப்ப என் புது வண்டிக்கு வந்துடுச்சு," என்றேன்.

"இன்னா சொல்றீங்க டீச்சர்?"

"கம்பெனில மாத்திக் குடுத்துட்டாங்க. நான்தான் கேட்டு வாங்கினேன். போன புதன்கிழமை."

அந்தப் பக்கம் அவர் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். இப்போது பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். திருப்பித் தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் பணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா திரும்பிப் பாத்து ஓட்டிருப்பேன் டீச்சர். எனக்குக் கழுத்து நல்லாத்தான கீது," என்றார்.

"கிளாஸுக்கு நேரமாச்சுப்பா, அப்புறம் பேசறேன்," என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கும் தெரியும்.