ஆதாரம் டீச்சர் எழுதிய துண்டுத்தாள்

மாணவிகள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆதாரம் டீச்சர்'. யார் எதைச் சொன்னாலும், "சரி, ஆதாரம் எங்கே?" என்பார். உணவியல் கல்லூரிக்கு வருமுன் பதினைந்து ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொன்னவர்.

ஆண்டுதோறும் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுப்பார். நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்றை எடுத்து, அது எந்த ஆய்விலிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த முறை, வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி எழுந்தாள். கையில் ஆஸ்பத்திரித் துண்டுத்தாள். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கானது. முதல் வரியே 'பால், தயிர் தவிர்க்கவும்'.

"இதுக்கு ஆதாரமே கிடைக்கல டீச்சர். கல் வந்தவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு அஞ்சு வருஷம் பார்த்திருக்காங்க. ஒரு குழு பாலைக் குறைச்சுது. இன்னொண்ணு பாலை விடாம உப்பையும் இறைச்சியையும் குறைச்சுது. பாலைக் குறைச்சவங்களுக்குத்தான் மறுபடி அதிகமா கல் வந்திருக்கு."

"அப்போ நல்லது பண்ணினது பாலா, உப்பைக் குறைச்சதா?"

"அது இந்த ஒரு ஆய்வை வச்சுச் சொல்ல முடியாது டீச்சர். ஆனா பாலை விடுங்கன்னு சொல்ல நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. இதை யாரு எழுதினாங்கன்னும் தெரியல."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "நான்தான் எழுதினேன்."

தாளை எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு மேல இருந்தவங்க சொன்னாங்க, எழுதினேன். ஆதாரம் எங்கன்னு அன்னைக்கு நான் கேக்கல" என்றார்.

மதிய இடைவேளையில் அண்ணனுக்குப் போன் செய்தார். அவருக்கும் கல் வந்திருந்தது. அதே தாளைத்தான் கொடுத்திருந்தார்.

"அண்ணா, பால் வேண்டாம்னு சொன்னேன்ல, அது தப்பு. நீங்க அளவாக் குடிக்கலாம்."

"பன்னெண்டு வருஷமா இந்தக் கறுப்புக் காபியைக் கஷாயம் மாதிரி விழுங்கிட்டிருக்கேன், தங்கச்சி படிச்சவளாச்சேன்னு!"

"மன்னிச்சிடுங்கண்ணா."

"அட, விடும்மா. இதெல்லாம் வீண்வேலைன்னு உங்க அண்ணி அப்பவே சொன்னா. அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத."

சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தாளை வாங்கிப்போன மற்றவர்களுக்கு யார் போன் செய்வது என்ற நினைப்பு மாலைவரை அவரை விடவில்லை.

மறுநாள் அந்த மாணவியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இப்போது உணவுப் பிரிவின் பொறுப்பில் இருந்தவள், முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்தவள்.

"இத்தனை வருஷமா யாரும் ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றாள்.

"இப்போ இவ கேட்டிருக்கா" என்றார் டீச்சர்.

புதிய தாளை மாணவியே எழுதினாள். தண்ணீர் நிறையக் குடிக்கவும், உப்பைக் குறைக்கவும், பால், தயிரை வழக்கமான அளவில் சாப்பிடவும் என்று இருந்தது. டாக்டர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அடியில் சிறிய எழுத்தில் ஆய்வுகளின் விவரமும், மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதியும் இருந்தன.

புதிய தாள் வந்த அடுத்த வாரம் மாணவிகள் இன்னும் நான்கு பழைய தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அதில் இரண்டு டீச்சர் எழுதியவை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் அந்த இரண்டையும் எடுத்துப் பிரித்தார்.