பறவைக்கு மாமனார் பெயர்

தோனோவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. சொந்தக் காப்பித் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்திருந்தாலாவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும். இவன் கால் தேய்ந்தது அடுத்தவர் மூட்டையைச் சுமந்து. பறவை பார்க்கிறேன் என்று கடல் தாண்டி எங்கள் தீவுக்கு வருகிறவர்கள், பாவிகள், கோழி கூவுமுன் எழுப்பிப் பாசி படர்ந்த காட்டுப் பாதையில் ஏறச் சொல்வார்கள். மேலே ஒரு பறவையைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், மழையில் நனைந்து இறங்குவார்கள். கூடாரம், கேமரா, அரிசி, டின் மீன் எல்லாம் தோனோ முதுகில். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே பிழைப்பு. இப்போது அவனுக்குப் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பறவை ஒரு தேனுண்ணி. கறுத்த உடம்பு, வளைந்த அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். சரியான சண்டைக்காரப் பிறவி. தான் தேன் குடிக்கிற மரத்தில் வேறொரு குருவியை உட்கார விடாது. அதை முதலில் வலைபோட்டுப் பிடித்தவர் தோனோவின் மாமனார் குவிங். லூகாஸ் என்று ஒரு வெள்ளைக்கார ஆய்வாளர் அப்போது ஊரில் தங்கியிருந்தார். அவர் அதை அளந்தார், தோலை உரித்துப் பஞ்சடைத்தார், மிஷன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். மறு வருஷம் திரும்பி வந்து ஊரைக் கூட்டினார். எதிர்மலையில் இருக்கிற தேனுண்ணிக்குக் கண்ணோரம் நீலம், இதற்கு மஞ்சள், ஆகவே இது தனி இனம், உலகத்துக்கே புதுசு, பிடித்தவர் பெயரையே லத்தீனில் இதற்கு வைத்துவிட்டேன் என்றார்.

தனி இனம் என்றதில் ஊருக்கு ஆச்சரியமே இல்லை. எதிர்மலை எதிர்மலைக்காரனுடையது. அவன் காட்டில் திரிகிற பறவை எப்படி நம் பறவையாகும்? ஆனால் பெயர் வைத்த சங்கதிக்குப் பன்றி அடித்துக் கொண்டாடினார்கள். குவிங்குக்கு அன்று தலைகால் புரியவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாமனார் பெயரை மருமகன் வாயால் சொல்லக் கூடாது. தவறிச் சொல்லிவிட்டால் பெண் வீட்டார் வந்து மருமகன் வீட்டுப் பன்றியை அவிழ்த்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று வாய் திறக்க முடியாது. பன்றிகூடப் போகட்டும், அப்புறம் ஊர்க்கூட்டத்தில் அவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவான்? இப்படிப்பட்ட ஊரில் பறவைக்கு மாமனார் பெயரை வைத்து, அதைக் காட்டுகிற வேலையை மருமகனிடம் கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்?

தோனோ தனக்குத் தெரிந்ததைச் செய்தான். கிளையைக் கைகாட்டி, “அதோ, மாமா உக்காந்திருக்காரு” என்பான். “மாமா எந்திரிச்சுட்டாரு, சத்தம் போடாதீங்க” என்பான். வந்தவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள், இந்தப் பறவைக்கு உள்ளூர்ப் பெயர் மாமா என்று. அச்சில்கூட வந்துவிட்டதாகக் கேள்வி. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தோனோ சிரிக்கவில்லை. நாள் முழுக்க நாக்கைக் கட்டிப்போட்டு நடப்பவனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

அவனுக்கு மாமனார் மேல் எரிச்சல்கூட உண்டு. காட்டிலிருந்து கூட்டம் இறங்கும் நேரம் பார்த்துக் கிழவர் பாதையோரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். வெயில், தூறல் எதுவும் அவருக்குக் கணக்கில்லை. இவர்தான் அந்தக் குவிங் என்று தெரிந்ததும் வந்தவர்கள் ஓடிவருவார்கள். குவிங், குவிங் என்று ஆளாளுக்குக் கத்திக் கைகுலுக்கிப் படம் பிடிப்பார்கள். சுமந்தவன் ஒருத்தன், மாலை மரியாதை இன்னொருத்தருக்கா என்று தோனோ மூட்டையோடு ஓரமாக நிற்பான். கிழவரோ அவன் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஹன்னா கபேரா வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண், லாயே நகரத்தில் பறவை ஆராய்ச்சி செய்கிறவள். முன்பே இரண்டு மலையிலும் வலைகட்டிப் பறவைகளிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டவள். அப்போது அவள் மூட்டையையும் தோனோதான் சுமந்தான். இந்தத் தடவை மூட்டை எதுவும் இல்லை. நேராகக் குவிங் வீட்டு வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவள் மெனக்கெட்டு வந்திருக்க வேண்டியதில்லை, அவள் சிநேகிதர்களே வேண்டாம் என்றார்களாம். பெரியவரிடம் நேரில் சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று வந்துவிட்டாள்.

ரத்தத்தைச் சோதித்ததில் இரண்டு மலைப் பறவையும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. கண்ணோரத்து நிறம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும், அது விதி. எதிர்மலைப் பறவைக்கு அந்தக் காலத்திலேயே யாரோ ஒரு கப்பல் தலைவன் தன் பெண்டாட்டி பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த அம்மாள் இந்தத் தீவை எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

குவிங் சேப்பங்கிழங்கைச் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்து, ஒரு கிழங்கை அவளுக்குக் கொடுத்தார்.

“அப்ப இனிமே வர்றவங்க என் பேரச் சொல்ல மாட்டாங்களா?”

“மாட்டாங்க தாத்தா.”

“சரிம்மா. சாப்பிடு, ஆறிடும்.”

ஊருக்குத்தான் ரத்தம் கொதித்தது. “இன்னிக்குப் பறவை ஒண்ணுங்கறாங்க. நாளைக்கு எதிர்மலைக்காரன் நெலமும் நம்ம நெலமும் ஒண்ணும்பாங்க” என்று இளவட்டங்கள் கத்தினார்கள். தோனோவுக்கு உள்ளூர நிம்மதி. இனி நாக்கைக் கட்ட வேண்டாம். தனி இனம் இல்லை என்றால் வருகிற கூட்டமும் குறையும், முழங்காலுக்கும் நல்லது. படுத்தால் எழுந்திருக்க வேண்டாம் என்கிற அளவுக்கு அவனுக்குள் அலுப்பு சேர்ந்திருந்தது.

குவிங் அதற்குப் பிறகு பாதையோரத்துக்கு வரவில்லை. வீட்டுக்குள் அடுப்போரமாகவே கிடந்தார். கிழங்கைப் பாதியில் வைத்துவிடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மிஷன் நர்ஸ் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

படம் பிடிக்க ஆளில்லை என்று கிழவருக்கு ஏக்கம், என்று ஒரு நாள் காலையில் தோனோ தன் மனைவி யாசிங்கிடம் குத்தலாகச் சொன்னான். யாசிங் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“அப்பா வயசுக்காரங்க எல்லாரும் போயாச்சு. அம்மாவும் போயாச்சு. நான் அப்பாங்கறேன், நீ மாமாங்கற, பிள்ளைங்க தாத்தாங்குது. அவரப் பேரு சொல்லிக் கூப்பிட இந்த ஊர்ல யாரு மிச்சம்? பறவை பாக்க வந்தவங்க வாயாலதான் அவரு தன் பேரையே கேட்டுக்கிட்டிருந்தாரு. அதுக்குத்தான்யா போய் உக்காந்தாரு.”

தோனோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் இது உறைக்கவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அன்று அவனுக்குத் தோட்டத்தில் வேலை ஓடவில்லை.

அடுத்து வந்தது ஒரே ஒரு ஜோடி. இருவருக்கும் தலை நரைத்திருந்தது. காட்டுக்குள் போகவே தேவைப்படவில்லை. மாமனார் வீட்டு வேலியை ஒட்டிய மரம் சிவப்பாகப் பூத்திருக்க, அதில் ஒரு தேனுண்ணி சின்னக் குருவிகளை விரட்டிக்கொண்டிருந்தது. தோனோ அவர்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனான். வேலி கட்டிக்கொண்டிருந்த மச்சான்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் கைபேசியில் தேடி, கப்பல் தலைவன் பெண்டாட்டியின் பெயரைப் படித்து, இதுதானே என்று கேட்டாள்.

தோனோ மாமனார் வீட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“அது புதுசா சொல்றதும்மா. இது குவிங் பறவை.”

மச்சான் ஒருவன் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. இன்னொருவன் தோனோ வீட்டுப் பக்கம், பன்றி கட்டியிருக்கிற திசையைப் பார்த்தான். அந்த ஜோடிக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குள் ஏதோ உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குவிங் வாசலுக்கு வந்தார்.

“என் பேரச் சொன்னது யாரு?”

“நான்தான் மாமா.”

“ஒரு பன்னி.”

“தெரியும் மாமா.”

கிழவர் வாசற்காலில் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. காதருகில் கையைக் குவித்துக்கொண்டார்.

“சரியா விழல. இன்னொரு தரம் சொல்லு.”

தோனோ வீட்டில் இருந்ததே ஒரு பன்றிதான். இரண்டாவதற்கு எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இருந்தும் வாயைத் திறந்து, எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி “குவிங்” என்றான்.