நாலு பேருக்கும் நான் வைத்த கையெழுத்து

கேற் திறக்கிற சத்தம் கேட்டால் அம்மா முதலில் ஓடுவது செருப்பை எடுக்கத்தான். வென்ட்வேத்வில் வீட்டு வாசலில் நாலு சோடி கிடக்கும். மாமாவின் சோடியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவது யார் என்று பார்ப்பா. ஊரில் வெளிநாட்டு ஆமி வந்து முகாம் போட்டிருந்த காலத்தில், வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணி, வீட்டுக்காரர் கொடுத்த பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்களாம். ஒரு சோடி கூடினால் விசாரணை. சிட்னியில் மீற்றர் பார்க்க வருகிறவனுக்கு எங்கள் செருப்பில் என்ன அக்கறை என்று அப்பா கேட்பார். ஆமி வருவதற்கு முன்பே படிக்கவென்று வெளிக்கிட்டு வந்துவிட்டவர் அவர். உங்களுக்கு ஒண்டும் தெரியாது என்று அம்மா வாயை அடைத்துவிடுவா.

மாமா அம்மாவின் தம்பி. படகில் வந்து, ஒன்றரை வருஷம் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, எங்கள் வீட்டில் விசா முடிவுக்காகக் காத்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவரில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கவே மாட்டார். ரெலிபோன் அடித்தால் எழும்பி நிற்பார். ஒரு நாள் அவருடைய பையைக் கிளறியும் பார்த்துவிட்டேன். இரண்டு சேட்டு, ஒரு சீப்பு, சாமி அறையில் மாலை போட்டிருக்கும் அதே படத்தின் சின்னப் பிரதி. கண்ணாடி போட்ட பெடியன். பெரிய மாமாவாம், பிரச்சினைக்குள் செத்துப்போனவராம். அதற்கு மேல் கேட்டால், போய்ப் படி.

அந்த வருஷம் செய்தியில் எந்நேரமும் ஆப்கானிஸ்தான்தான். அப்பா சோற்றுக் கோப்பையோடு இருந்தபடியே படைகளுக்குக் கட்டளை போடுவார். அடுத்தவன் நாட்டில் இவைக்கு என்ன வேலை, நாளைக்கே மூட்டையைக் கட்டவேண்டும். அம்மா எழும்பிக் குசினிக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவா. மாமா கோப்பையைப் பார்த்தபடி இருப்பார். யாரும் மறுத்துப் பேசாததால் இதுதான் முழு வீட்டின் கருத்தும் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய்விட்டார். அம்மாவும் மாமாவும் பின்வளவில் மிளகாய்க் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோராம் இலக்க வீட்டு வெள்ளைக்கார அன்ரி வந்தா. நாய்க்காரி. அவவின் மகன் ஆமியில், ஆப்கானிஸ்தானில் இருந்தான். எங்கள் படைகளைத் திருப்பி அழையுங்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு. பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லி மட்டையோடு என்னிடம் தந்துவிட்டு, பக்கத்து வீடுகளுக்குப் போனா.

பின்வளவு வரை நடப்பானேன்? வீட்டின் கருத்துத்தான் எனக்குத் தெரியுமே. அப்பாவுக்குச் சாய்வாக ஒன்று, அம்மாவுக்கு உருண்டையாக ஒன்று, எனக்கு அழகாக ஒன்று. மாமாவுக்கு, குடிவரவுக் கடிதத்தில் இருக்கிற முழுப் பெயரையும் ஓரெழுத்துப் பிசகாமல் எழுதி ஒரு கிறுக்கல். அன்ரி வந்து, தாங்க்ஸ் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனா.

பாராட்டுக் கிடைக்கும் என்று பின்னேரம் சாப்பாட்டில் சொன்னேன். முதலில் பயந்தது அப்பாதான். உலகப் படைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியவர் ஒரு தாளுக்குப் பயந்துபோனார். அவள் உண்மையிலேயே ஆமிக்காரனின் தாய்தானா, இல்லை குடிவரவு டிப்பாட்மென்ற் அனுப்பிய ஆளா? விசாவுக்குக் காத்திருக்கிறவன் அரசாங்கத்துக்கு எதிராகக் கையெழுத்து வைத்தால் விடுவார்களா? என் கெட்டித்தனம் மாமாவைத் திருப்பி அனுப்பப்போகிறது என்றா அம்மா. நான் விக்கி விக்கி அழுதேன்.

மாமா மட்டும், தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். எழும்பிச் சேட்டைப் போட்டார். அந்த முகத்தில் விசாப் பயம் இருக்கவில்லை. இந்த ஆள் எதையோ ஒளிக்கிறார் என்று எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது.

அம்மாவும் மாமாவும் நானும் அன்ரி வீட்டுக்குப் போனோம். அன்ரி ஒன்றும் கேட்காமல் தாளையும் பேனையையும் கொண்டுவந்து தந்தா. மாமா தன் பெயரை ஒரு எழுத்தும் தெரியாமல் வெட்டினார். பேனையை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவும் தன் பெயரை வெட்டினா. அதைப் பார்த்ததும் அன்ரியின் முகம் வாடிப்போயிற்று. என் பிள்ளை திரும்பி வரக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டா. அது மாமாவுக்கு விளங்கியது. பதில் சொல்லத்தான் இங்கிலீஷ் போதவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அவவின்ர மகன் சுகமாத் திரும்பி வரவேணும் எண்டு நானும் கும்பிடுறன், சொல்லு. ஆனா ஒண்டு கேள். ஆமி போற அண்டைக்கு, அவைக்காகக் கதைச்சுக் குடுத்த ஊர்ப் பெடியளை ஆர் பாக்கிறது?"

முதல் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி எனக்கு விளங்கவில்லை. எந்தப் பெடியள்? யாருக்காக யார் கதைத்தது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: மாமாவுக்கு விசாப் பயம்.

அன்ரிக்கு மனம் இளகிவிட்டது. மாமாவின் கையைப் பிடித்து, ஒன்றும் நடக்காது, பயப்படாதே என்றா. தன் கேள்விக்குத்தான் அந்தப் பதில் என்று மாமா நினைத்திருக்கவேண்டும். அவர் கண் கலங்கிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த அம்மா வாயைத் திறந்தா, பிறகு மூடிக்கொண்டா.

ஆப்கானிஸ்தானிலிருந்து அந்தப் படைகள் கடைசியில் புறப்பட்டபோது நான் வளர்ந்திருந்தேன். விமான நிலைய மதிலில் முட்டிமோதிய சனத்தை ரீவியில் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் அம்மா சொன்னா. படத்தில் இருக்கிற பெரிய மாமாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அதனால் ஊரிலிருந்த வெளிநாட்டு ஆமி அவரைத்தான் கதைத்துக் கொடுக்க, மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு திரியும். ஆமி போன அன்று ஊரே வெடி கொளுத்தியது, எங்கள் வீட்டிலும்தான். பின்னேரம் ஆயுதத்தோடு வந்தவர்கள் எங்கள் ஆக்கள்தான், செருப்பை எண்ணவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தது அம்மா.

அந்தச் சனிக்கிழமை பதினோராம் இலக்கத்திலிருந்து திரும்பும்போது அம்மா என் மணிக்கட்டை நோகும்படி பிடித்திருந்தா. எங்கள் கேற்றடியில் நின்றா.

"இனி ஒருத்தருக்காகவும் நீ கதைச்சுக் குடுக்கக்கூடாது. விளங்குதே?"

நான் திருட்டுக் கையெழுத்து வைத்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்து, ஓம் என்று தலையாட்டினேன்.