காரம் சேர்க்காத படையல்

எங்கள் சேர்வராயன் மலையில் ஒரு விமானம் விழுந்து கிடக்கிறது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிப்ஸ் பாக்கெட்டும் ஸ்பீக்கருமாக ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று என்னிடமே கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் விழுந்த விமானம். இப்போது மிச்சமிருப்பது மண்ணில் பாதி புதைந்த ஒரு எஞ்சினும், வளைந்துபோன சில சட்டங்களும். மற்றதெல்லாம் அந்தக் காலத்திலேயே ஊருக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அங்கே இரண்டு வீடுகளில் தண்ணீர்ப் பானையை மூடியிருப்பது விமானத் தகடுதான். நல்ல அலுமினியம், துருப்பிடிப்பதில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் ரைட்டர். ஆள் வருகையும் கூலியும் எழுதுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, முறையாகக் கேட்டு வருகிறவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போவேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அவர்களைத் திட்ட முடியாது.

என் சட்டம் எளிமையானது. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது, அங்கே எதையும் வைத்துவிட்டும் வரக் கூடாது. காட்டுக்காரர்களுக்கு, அதாவது விமானம் கிடக்கிற விளைநிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு, தனியாக ஒரு சட்டம் உண்டு. பலாமரத்தடிப் பாறையைத் தாண்டினால் காலில் செருப்பு இருக்கக் கூடாது. மலையேறுவதற்கென்றே வாங்கிய பூட்சை அவிழ்க்கச் சொல்லும்போது சிலர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பாம்பு இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும் என்பேன்.

காட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தங்கள் காட்டில் விழுந்து செத்தவர்கள் தங்கள் வீட்டு விருந்தாளிகள் என்பது அவர்கள் கணக்கு. விமானத்தில் நாலு பேர் இருந்ததாகச் சொல்வார்கள். எரிந்தது போக மிஞ்சியதை அன்றைக்கே எஸ்டேட் ஆட்கள் வந்து மூட்டையாகக் கட்டிக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் உயிர் போன இடம் இதுதானே. அதனால் ஒவ்வொரு தை நோம்பிக்கும், அதாவது பொங்கலுக்கு, முந்தின நாள் அந்த எஞ்சினுக்கு முன்னால் நாலு இலை போட்டுப் படையல் வைப்பார்கள்.

படையல் என்றால் பன். பக்கத்தில் பால் ஊற்றிய டீ. விமானத்தில் பறந்தவர்கள் வேறு யாராக இருக்க முடியும், துரைகள்தான். துரைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று முதல் வருடம் எஸ்டேட் பங்களா பட்லரைக் கேட்டார்களாம். ரொட்டி, வெண்ணெய், டீ என்று பட்லர் சொல்லியிருக்கிறார். மிளகாயைக் கண்ணில் காட்டிவிடாதீர்கள், வயிறு தாங்காது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். வெண்ணெய் நாளடைவில் நின்றுபோனது, ரொட்டி பன்னானது. காரம் கூடாது என்பது மட்டும் மாறவேயில்லை. ஒரு வருடம் மழையில் ரோடு மூடி பன் வந்து சேராதபோது, உப்புமா கிண்டி அதிலிருந்து பச்சை மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டு வைத்தார்கள். எங்கள் சபையில் செத்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கிற வழக்கம் இல்லை. இருந்தாலும் அந்தப் பன்னில் எனக்கு எந்தத் தப்பும் தோன்றியதில்லை. துரைகளுக்குப் பன், அவ்வளவுதானே.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு இளைஞன் அந்த எஞ்சின்மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து போட்டோ எடுக்கப் பார்த்தான். சாவு வீட்டில் பாடைமேல் உட்காருவாயா என்று ஆரம்பித்துக் கொஞ்சம் நீளமாகத் திட்டிவிட்டேன். அதை அவனுடைய நண்பன் வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினான். எங்கள் ஆயரே பார்த்துவிட்டு, வார்த்தையில் அடக்கம் வேண்டும் என்றார். எனக்கு அதனால் ஆன லாபம் என்று எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு அம்மா என்னைத் தேடிப் போன் செய்தார். சேலத்துக்குக் கீழே ஒரு கிராமம். வயது அறுபதுக்கு மேல். அந்த வீடியோவைப் பார்த்ததாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், அந்த இடத்துக்குத் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். செங்குத்தான இறக்கம், பிறகு ஏற்றம், முழங்கால் தாங்குமா என்று கேட்டேன். தாங்காது என்றார். ஆனால் வருகிறேன் என்றார்.

மாரமங்கலம் பஸ்ஸில் போய்ப் பாதி வழியில் இறங்கிக்கொண்டோம். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் போகிற வழியை அந்த அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து கடந்தார். ஒரு கையில் குச்சி. இன்னொரு கையில் துணிப்பை, அதற்குள் டிபன் கேரியர். பையைக் கொடுங்கள் என்று நான் எத்தனை முறை கேட்டும் கொடுக்கவில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓய்வெடுத்தபோது, பசிக்கும், சாப்பிடுங்கள் என்றேன். தண்ணீர் மட்டும் குடித்தார். என் பையில் மத்தியானத்துக்கு ரொட்டியும் வெண்ணெயும் இருந்தது. அவர் சாப்பிடாமல் நான் சாப்பிடுவது நன்றாக இருக்காது என்று பொறுத்துக்கொண்டேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பலாமரத்தடிப் பாறை வந்ததும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். பையைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னேன். என் சட்டத்தையும் சொன்னேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இது எனக்கில்லீங்க தம்பி. எங்க பெரியப்பனுக்கு."

பிறகு மெதுவாக விவரம் சொன்னார். அவருடைய அப்பாவின் அண்ணன் யுத்தத்தில் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். கல்யாணமாகவில்லை. சேர்வராயன் மலையில் விமானம் விழுந்து இறந்துவிட்டார் என்று வீட்டுக்குத் தந்தி வந்தது. அதோடு சரி. உடம்பும் வரவில்லை, இடமும் தெரியவில்லை. அந்த அம்மாவின் அப்பா ஒருமுறை ஏற்காட்டுக்கு வந்து, ஏரிக்கரையில் நின்று, எந்தப் பக்கம் என்று தெரியாததால் நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். வீட்டில் நல்ல சாப்பாடு செய்கிற நாளெல்லாம், அண்ணன் பட்டினியாகக் கிடக்கிறான் என்று பாதியில் எழுந்துவிடுவாராம். சாகிறபோது மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. எப்படியாவது இடத்தைக் கண்டுபிடித்து அண்ணனுக்கு ஒருவேளைச் சாப்பாடு வைத்துவிடு. குடும்பத்தில் அந்தப் பெரியப்பாவைப் பற்றித் தெரிந்த ஆள் இனி இந்த அம்மா மட்டும்தான். பிள்ளைகளுக்கு அதில் அக்கறை இல்லை.

இதே விமானம்தான் என்பதற்கு அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. எங்கள் மலையில் விழுந்ததாக யாருக்கும் தெரிந்த விமானம் இது ஒன்றுதான் என்பது தவிர என்னிடமும் இல்லை. என் சட்டத்தை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. ஆனால் அந்த முழங்காலோடு அவரைத் திருப்பி அனுப்பவும் எனக்கு வாய் வரவில்லை. இது காட்டுக்காரர்கள் இடம், அவர்களைக் கேட்போம் என்று சொல்லிப் பொறுப்பைத் தள்ளிவிட்டேன். ஆபீசில் கற்றுக்கொண்டது.

காட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். விமானத்தில் செத்தவரின் சொந்தக்காரர் என்று நான் சொன்னதும், அந்த அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தார். நல்ல கறுப்பு, நூல் சேலை, காதில் கல் தோடு.

"துரை ஊட்டுப் பொண்ணுங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

சேலத்துக்குக் கீழே இன்ன ஊர் என்று அந்த அம்மா சொன்னார். காட்டுக்காரம்மா கொடி கட்டுகிற நாரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். கேரியரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கடித்துக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும். பெரியப்பாவுக்கு அதுதான் உயிர் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"எங்கூட்டு அடுப்புலயும் இப்ப களிதானுங்கக்கா கெடக்குது," என்றார் காட்டுக்காரம்மா. "நோம்பிக்கு நோம்பி நாங்க களி தின்னுபோட்டு அவருக்குப் பன்னு வெச்சமுங்க."

உடனே சம்மதித்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற பந்தியில் ஒருவருக்கு மட்டும் இலை போட முடியாது என்றார். மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க இவர் மட்டும் எப்படிச் சாப்பிடுவார். அதே களியை அவர்களுக்கும் வைக்கலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். துரைமாருக்குக் காரம் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாதா என்றார். வீட்டில் பன் இல்லை. கடைக்குப் போய்வந்தால் கடைசி பஸ் போய்விடும். அந்த அம்மா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் பையிலிருந்த ரொட்டியையும் வெண்ணெயையும் எடுத்துக் கொடுத்தேன். காட்டுக்காரம்மா அதை வாங்கிப் பார்த்தார். வெண்ணெயே இருக்கிறதே என்று திருப்திப்பட்டார்.

எஞ்சினுக்கு முன்னால் நாலு இலை விழுந்தது. மூன்றில் ரொட்டி, வெண்ணெய். ஒன்றில் களியைக் குழித்துக் குழம்பு. எது அவருடைய இலை என்று தெரியாததால் நடுவில் போடலாமா, ஓரத்தில் போடலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. நம்மூர்க்காரர், முதல் இலை என்று காட்டுக்காரம்மா முடித்துவைத்தார். கற்பூரம் கொளுத்தியதும் அவர்தான் முதலில் பேசினார். எஞ்சினைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற குரலில்.

"ஏனுங்க, தெரியாமப் போச்சுங்க. இத்தன வருசமா காரமில்லாம உங்களச் சாப்புட வெச்சுப்போட்டமுங்க."

அதுவரை கல் மாதிரி நின்ற அந்த அம்மா உடைந்துவிட்டார். காட்டுக்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க கண்ணு. என்ற அப்பன் சாகற வரைக்கும் அண்ணன் பட்டினின்னே நெனச்சுட்டுப் போயிட்டாரு. நீங்க வருசந்தப்பாம சோறு போட்டுருக்கீங்க. இது அவருக்குத் தெரியாமப் போச்சே."

நான் அந்தப் பக்கம் திரும்பிச் சில்வர் ஓக் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அழுகை வந்தது, அவ்வளவுதான். பிறகு படைத்ததை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அந்த அம்மா களியைத் தொடவில்லை. பெரியப்பா இத்தனை வருடம் என்ன சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும் என்று, குழம்பே இல்லாத வெறும் ரொட்டியை மென்று தின்றார். குழம்பு எனக்குக் கிடைத்தது. நல்ல காரம்.

இறங்கிப்போன பிறகு அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. இனி மலைப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை நோம்பிக்கு முந்தின நாள் காட்டுக்காரம்மா என் போனை வாங்கி அவரைக் கூப்பிட்டார். அவரைக்கொட்டையை வறுத்துப் போடுவதா, ஊறவைத்துப் போடுவதா என்று காலையில் ஒருமுறை. வெங்காயம் அரிந்து வைப்பதா, முழுசாக வைப்பதா என்று இன்னொரு முறை. மத்தியானம் நாலு இலையும் போட்டு முடித்து, கற்பூரம் அணைந்ததும் மறுபடியும் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சாப்ட்டாருங்களா கண்ணு?" என்று கேட்டது அந்த அம்மாவின் குரல்.

காட்டுக்காரம்மா இலையைப் பார்த்தார். எறும்புகூட இன்னும் வந்திருக்கவில்லை. பொய்க் கணக்கைக் கண்டால் உடனே திருத்திவிடுவது என் தொழில். நான் வாயைத் திறக்கவில்லை.

"சாப்ட்டாருங்கக்கா," என்றார் காட்டுக்காரம்மா. "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாருங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"நொம்ப சந்தோசம் சாமி," என்றது குரல். "அப்பங்கிட்டச் சொல்லிப்போடறேன்."