சலங்கை இல்லாத பாட்டுகள்

வெள்ளிக்கிழமை புதுப்பாட்டு எது வந்தாலும், அது தேறுமா தேறாதா என்று முடிவு செய்கிறவர் எங்கள் பீங்கான் கம்பெனியில் ஒருத்தர்தான். பானுமதி அக்கா. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து, மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போதே கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவின் குரல் வந்துவிடும். "பல்லவி பரவால்ல. சரணத்துல ஆளே இல்ல. ரெண்டு நிமிஷத்துல ஓடிப் போயிடுச்சு, கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காம போறவன் மாதிரி." அவ்வளவுதான். நாற்பது பேரும் அந்த வாரம் அதே பேச்சைத்தான் பேசுவோம். நான் பாட்டைக் கேட்காமலே பேசியிருக்கிறேன், வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா சொன்னால் ஏன் அப்படி நம்பினோம் என்றால், அதன் வேலையே காதை வைத்துத்தான். சூளையிலிருந்து வெந்து வருகிற டீ கப்புகளை இடது உள்ளங்கையில் நிறுத்தி, சின்ன இரும்புக் கம்பியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டும். 'கிண்' என்றால் நல்ல கப்பு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே இருக்கிறது, கழித்துவிடும். பத்தொன்பது வருஷமாக மண் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறது. தேறின கப்பை நான் காகிதம் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குவேன். மில் இரைச்சலில் அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு எட்டாது, அக்கா தட்டின கப்பை இன்னொருத்தர் தட்டிப் பார்த்ததும் கிடையாது. அது மரியாதைக் குறைவு.

போன தீபாவளி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கப்புறம் அக்காவுக்கு எந்தப் பாட்டும் பிடிக்காமல் போய்விட்டது. பெரிய நடிகர் படத்துப் பாட்டு ஐந்தையும் ஒரே மூச்சில் கழித்தது. "எல்லாம் தலகாணிக்கு அடியில வச்சுப் பாடுன மாதிரி இருக்குது" என்றது. ஆண் குரலில் மேளம் போட்டு அடித்த ரெண்டு பாட்டுக்கு மட்டும் பாஸ் மார்க். பொம்பளை குரல் என்றால் "மென்னு முழுங்குறா, ஒரு வார்த்த வெளங்கல" என்று தள்ளிவிடும். காலம் கெட்டுப் போச்சு என்று நாங்களும் தலையை ஆட்டினோம்.

ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. சூளை பார்க்கிற தங்கராசு அண்ணன். புதுப்பாட்டு என்றால் அவருக்கு உயிர். யாரோ ஒரு பொண்ணு, படம் கிடம் இல்லாமல், தானே எழுதித் தானே பாடி ஆறு பாட்டு ஒரு ஆல்பமாகப் போட்டிருந்தாள். அண்ணன் அதைக் குரூப்பில் போட்டு, "மூணாவது பாட்டக் கேளுங்க, அந்தச் சலங்கைக்கே சொத்த எழுதி வைக்கலாம்" என்றார். அக்காவின் பதில் அடுத்த நிமிஷமே வந்தது. "எந்தச் சலங்க தங்கராசு? மூணு தடவ கேட்டுட்டேன். சூளை சூட்டுல ஒனக்குக் காது அடைச்சிருக்குது." எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டோம். நான் மூன்று போட்டேன்.

தை மாதம் பிறந்ததும் சிரிப்பு போய்விட்டது. கழிவு ஏறிக்கொண்டே போனது. தட்டுக்கு நாலைந்து கப்பு கழிகிற இடத்தில் பாதிக்குப் பாதி கழிந்தது. ஓனர் நடராசன் மண்ணை மாற்றிப் பார்த்தார், மேல்பூச்சை மாற்றிப் பார்த்தார். அக்காவைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மிச்சம் இருந்தது சூளைதான். ஒரு திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "தங்கராசு, இந்த வாரம் பாப்பேன். சனிக்கெழம வரைக்கும் இப்பிடியே வெடிச்சு வந்தா நீ வேற எடம் பாத்துக்க. ஆளு சொல்லி வச்சிருக்கேன்."

அண்ணனுக்கு ரெண்டு பிள்ளைகள். பெரியது ப்ளஸ் டூ. சூளையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கழித்த கப்பை வீட்டுக்கு எடுத்துப் போவது எங்களுக்குள் வழக்கம், ஓனரும் கேட்கமாட்டார். எங்கள் தெருவில் யார் வீட்டில் டீ குடித்தாலும் கீறல் கப்புதான். சூடாக ஊற்றினால் பத்து நாளில் பட்டென்று வெடித்துவிடும், அடுத்ததை எடுத்துக்கொள்வோம். ஆனால் தீபாவளிக்கப்புறம் எடுத்து வந்த ஆறு கப்பும் அப்படியே இருந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் மணிதான் சொன்னார். "என்ன தேவி, இப்பல்லாம் நல்ல கப்பையே தூக்கிட்டு வந்துடுறியா? மாட்டிக்கப் போற."

கப்பு நல்ல கப்பு என்றால் அக்கா கழித்தது தப்பு. அக்கா தப்புச் செய்யாது. அப்படியானால் கப்பு கெட்டது. ஆனால் கெட்ட கப்பு மூன்று மாதம் எப்படி நிற்கும்? புதன்கிழமை முழுக்க இந்த வளையத்திலேயே சுற்றினேன். சாயங்காலம் மகனுடைய இயர்போனைப் பிடுங்கி அந்தப் பொண்ணின் மூன்றாவது பாட்டைப் போட்டேன். முதன்முதலாக, அக்காவின் பேச்சு இல்லாமல் ஒரு பாட்டு கேட்கிறேன். சலங்கை இருந்தது. பாட்டு முழுக்க இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதுவே பயமாக இருந்தது. அத்தனை பேர் இல்லை என்றதை நானும் தங்கராசு அண்ணனும் மட்டும் இருக்கிறது என்கிறோமே, எங்கள் காது கெட்டதா, மற்ற எல்லார் காதும் கெட்டதா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மில்லை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். நானும் அக்காவும் மேஜையிலேயே டப்பாவைத் திறந்தோம்.

"தங்கராச நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது" என்றது அக்கா. "நான் என்னடி பண்ணட்டும்? டொக்குன்னு வர்றத கிண்ணுன்னு சொல்ல முடியுமா?"

"எல்லாமே டொக்குன்னுதான் வருதாக்கா?"

"எல்லாமேதான். பாட்டும் அப்பிடித்தான் வருது, கப்பும் அப்பிடித்தான் வருது. ஒலகத்துக்கே என்னமோ ஆயிடுச்சு." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "எனக்கே ஒரு நேரம் சந்தேகமாத்தான் இருக்குது. ஆனா பழைய பாட்டு போட்டா எல்லாம் கேக்குதே. குழலு கேக்குது, சலங்க கேக்குது, ஒண்ணு விடாம கேக்குது. காது கெட்டிருந்தா அது எப்பிடி கேக்கும்?"

அந்த நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. "எந்தப் பாட்டுக்கா?" என்று கேட்டேன். அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் வந்த பாட்டு ஒன்றைச் சொன்னது. ஆயிரம் தடவையாவது கேட்டிருக்குமாம். என் போனில் தேடிப் போட்டேன்.

பாட்டு ஓட ஓட அக்காவின் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டது. "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லாம் நின்னு போயி சலங்க மட்டும் வரும் பாரு. அந்த எடம்தான் எடம்" என்றது. சாதம் பிசைந்த கை அப்படியே நின்றது.

அந்த இடம் வந்தது. மேளம் நின்றது. சலங்கை ஆரம்பிக்கிற நேரத்தில் நான் பாட்டை நிறுத்திவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அக்கா கப்பைத் தட்டிப் பார்த்தது. யாராவது ஒருத்தர் அக்காவைத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அது நானாக இருந்திருக்க வேண்டாம்.

மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் டப்பா ஓரத்தில் தாளம் போட்டது.

"இதோ. கேட்டியா? என்ன சுத்தமா இருக்குது பாரு!" என்று சிரித்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை, தங்கராசு அண்ணனுக்குக் கொடுத்த கெடு.

"பாட்ட நான் நிறுத்திட்டேன்க்கா."

கண்ணைத் திறந்து போனைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. திரும்பவும் போனைப் பார்த்தது.

"அப்ப அந்தப் பொண்ணு பாட்டுல?"

"சலங்க இருக்குதுக்கா. பாட்டு முழுக்க இருக்குது."

கழித்த தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்து என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னது. தட்டினேன். மணி மாதிரி ஒலித்தது. அக்கா என் கையைப் பார்க்கவில்லை, கப்பையும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலேயே தெரிந்துகொண்டது.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வாசல் வரைக்கும் போனது. இடது பக்கம் ஓனர் ரூம். வலது பக்கம் சூளை, அங்கே தங்கராசு அண்ணன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் எங்கே போவது என்று தெரியாமல் அக்கா நடுவிலேயே நின்றது. அப்புறம் என்னிடம் திரும்பி, சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டது.

"ஏண்டி தேவி, அப்ப இத்தினி நாளா நான் எதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்?"