மூடுபனிக்குள் ஆட்காட்டி

பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ வைக்கிற ஆள் நான். ஊட்டி காந்தலில் பிறந்து வளர்ந்தவள், கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், கண்ணால் பார்த்ததைக்கூடப் படம் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வேன். அதனால் நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குக் குருவிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதாவது சோலைக்காட்டு ஓரமாகப் போய், கத்துவது எந்தப் பறவை என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பேன். போனில் அதற்கென்றே ஒரு ஆப் உண்டு. சத்தத்தைக் கேட்டு அதுவே பறவையின் பெயரைச் சொல்லும், பறவை கத்தக் கத்த அந்தப் பெயர் மஞ்சளாக மின்னும். என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை. பொள்ளாச்சிக்காரர், காட்டுக்குள் விட்டால் தின்ன என்ன கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்.

சில மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவலாஞ்சி போகிற வழியில் வண்டியை நிறுத்தினோம். மத்தியான நேரம்தான். "அம்மிணி, நீ உன்ற குருவியப் பாரு, நான் தவிட்டுப்பழம் பறிச்சுட்டு வாரேன்" என்று புதருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது, பால் பொங்கி வழிகிற மாதிரி. என் கால் எனக்கே தெரியவில்லை. பறவைகள் எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன. பயமே வரவில்லை, அதுதான் வேடிக்கை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடப்பது போல சுகமாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. அதற்கு முந்தின மழையில் அந்தப் பக்கம் மண் சரிந்து, புதருக்கு அப்பால் கிடுகிடு பள்ளம். இவருக்கோ மூக்குக்கண்ணாடியில் பனி படிந்தால் பக்கத்துச் சுவரே தெரியாது. கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை, தொண்டையில் பஞ்சு அடைத்தாற்போல.

கையிலிருந்த போன் மின்னியது. ஆட்காட்டி. என் காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் ஆட்காட்டி, ஆட்காட்டி என்று அது பாட்டுக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. வயல்வெளிக் குருவிக்குச் சோலைக்குள் என்ன வேலை? வேறு நாளாக இருந்தால் ஆப்பைத் திட்டிவிட்டு மூடியிருப்பேன். ஆனால் ஆட்காட்டி சும்மா கத்தாது, ஆள் நடமாட்டம் கண்டால்தான் கத்தும். அப்படியானால் அது பார்க்கிற ஆள் இவர்தானே? போனை நீட்டியபடி நடந்தேன். வழி மாறினால் மங்கியது, நேராகப் போனால் பளிச்சென்றது, நம்பினால் நம்புங்கள்.

பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் போச்சு. சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் ஈரப்புல்லில் விழுந்தோம். அப்போதுதான் குரலும் வந்தது, அழுகையும் வந்தது.

"எதுக்கு அழுவுற? நீ சொன்னதும் நின்னுட்டனல்ல?" என்றார்.

"நான் எங்கீங்க சொன்னேன்?"

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க, அசையாதீங்கன்னு கத்துனியே! உன்ற கொரலு எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து ஆப்பில் பதிவாகியிருந்ததைப் போட்டுப் பார்த்தோம். எனக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. அவர் போனைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். "இதா, கூப்புடுற பாரு" என்றார். பயத்தில் வந்த பிரமை என்று அவருக்கும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், சமையலறை ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. வெளியே ஏதாவது கத்துமா என்று ஆப்பைப் போட்டு போனை மேடையில் வைத்திருந்தேன். கை தவறிக் கண்ணாடி டம்ளர் உடைந்து தரையெல்லாம் சில்லு. சத்தம் கேட்டு இவர் வெறுங்காலோடு ஓடி வருகிறார். "ஏனுங்க, அங்கயே நில்லுங்க, அசையாதீங்க!" என்று கத்தினேன்.

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மேடையில் போனில் ஆட்காட்டி என்று மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"இதேதான் அம்மிணி," என்றார். "அன்னைக்கு நான் கேட்டது இந்தக் கத்துதான்."