றஞ்சிதம் வீட்டு ஞாயிற்றுப் படம்

பள்ளிமுனையில் ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சோறும் தின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர் நேரே றஞ்சிதம் வீட்டுக்குத்தான் போவார்கள். படம் பார்க்க. காதல் படமா, பக்திப் படமா? இரண்டும் இல்லை. எங்கோ ஒரு குளிர் தேசத்து ஊருக்குள் அந்நியப் பட்டாளம் புகுந்து, சனம் மூட்டை முடிச்சோடு ஓடுகிற பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். பாஷை விளங்காது. ஏழு தரம் இடம்பெயர்ந்து, மண்டபம் அகதி முகாமில் ஒன்பது வருஷம் கிடந்து திரும்பிய றஞ்சிதத்துக்கு யார் வந்து விளக்கவேண்டும்?

“விசரி, போட்டோவைக் கழற்றிக்கொண்டு ஓடுறாள். அரிசியை எடடி. பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்தை எடு,” என்று திரையில் நிற்பவளை ஏசுவாள்.

படத்தில் யாராவது செத்தால் உடனே ரிமோட்டை அழுத்தி நிறுத்தவேண்டும். நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் படம் ஓடும். செத்தது நடிகன்தானே என்று ஒருத்தியும் கேட்டதில்லை. ஒன்றரை மணித்தியாலப் படம் விளக்கு வைக்கும்வரை இழுபடும்.

ஒரு நாள், பட்டாளம் லொறியில் ஏற்றிப்போன ஒருவனுக்கும் பக்கத்து வீட்டுக் கத்தரின் செபத்தைத் தொடங்கிவிட்டாள். றஞ்சிதத்துக்கு வந்ததே கோபம்.

“வாயை மூடு. பிரேதத்தைக் கண்டனியோ?”

றஞ்சிதத்தின் புருசன் இராயப்புவையும் அப்படித்தான் ஏற்றினார்கள். முப்பத்தைந்து வருஷமாச்சு. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டாள். பிடிவாதக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லட்டுமே.

போன கிழமை, சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான்.

“அம்மா, இங்க பொம்பிளைங்க கூடுறாங்களாம். யார் யார் எண்டு லிஸ்ட் எழுதி வைங்க. ஞாயிறு வந்து எடுக்கிறன்.”

மகள் ஜெனிஸ்ரா மாவட்டக் கச்சேரியில் அரசாங்கக் கிளார்க். கேள்விப்பட்டதும் ஓடிவந்தாள்.

“அம்மா, உங்களைக் கும்பிட்டன், இதை நிப்பாட்டுங்கோ. என்ர வேலைக்கு உலை வைக்காதேங்கோ.”

“ஓடுறதெல்லாம் ஓடியாச்சு பிள்ளை. என்ர வீட்டுக்குள்ள படம் பார்க்கவும் பயந்தால், பிறகு மூச்சையும் கேட்டுத்தான் விடவேணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, மகளின் பயமும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் ரீவியைப் போட்டாள்.

சொன்னபடி அவன் வந்தான். கத்தரின் எழும்பப் பார்த்தாள். “இரடி,” என்றாள் றஞ்சிதம். அவனுக்கும் ஒரு கதிரை போட்டு, கொப்பித்தாள் ஒன்றை நீட்டினாள். அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். இராயப்பு. எமிலியானுஸ். சுபாஸ்கரன். இப்படி எட்டுப் பேர்.

“எல்லாம் ஆம்பிளைப் பேர். இவங்க எங்க?”

“அதைத்தான் தம்பி நாங்களும் கேக்கிறம். கொண்டு போனது உங்கட ஆக்கள். முதல் இவையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட பேரை அதுக்குப் பிறகு எழுதுவம்.”

அவன் முகம் கறுத்தது. அறைக்குள் நின்ற ஜெனிஸ்ரா வெளியே வந்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கி, தகப்பன் பேருக்கு எதிரே அடையாள அட்டை இலக்கத்தையும், பிடித்துக்கொண்டு போன திகதியையும் எழுதினாள்.

“இலக்கம் இல்லாட்டித் தேட ஏலாது எண்டு சொல்லுவீங்கள்,” என்றாள். பிறகு பெண்களின் பக்கம் திரும்பி, “நீங்களும் உங்கட ஆக்களின்ர இலக்கத்தையும் திகதியையும் சொல்லுங்கோ,” என்றாள்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தியும் எந்தக் கடுதாசியையும் பார்த்துச் சொல்லவில்லை.